முருகனுக்கு மாமியார்

காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்கும்போது எதிர் மடத்து வாசலில் சண்டை நடந்துகொண்டிருக்கும். ஒரே ஆள் போடும் சண்டை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மலையை அண்ணாந்து பார்த்தபடி மாமியாரம்மா பேசிக்கொண்டிருப்பார்.

"இன்னா மாப்ளே, நேத்து அவ்ளோ மழ குடுத்தீங்க? மடத்துல காவடிக்காரங்க துணி காயப் போட்டு வெச்சிருந்தது உங்களுக்குத் தெரியாதா? மேலர்ந்து பாத்தா எல்லாம் தெரியும்னு தான சொல்றாங்க?"

மாப்பிள்ளை என்றால் முருகன். பள்ளிப்பட்டிலிருந்து வந்து திருத்தணி மலையடிவாரத்தில் நான் பிளக்ஸ் பேனர் கடை போட்ட புதிதில், இந்தம்மாவுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். ஒருநாள் நேரில் கேட்டும்விட்டேன்.

"வள்ளி யாரு? நம்ம பக்கத்துப் பொண்ணு. அவரு வந்து கட்டிகினு இங்கயே தங்கிட்டாரு. பொண்ணு ஊர்ல வந்து குந்திகினு கீறவரு மாப்ள தான நைனா? சாமி, ஆண்டவான்னு கூப்ட்டா அவருக்கே கூச்சமா இருக்கும்."

மாமியாரம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கட்டையான உடம்பு, நெற்றி முழுக்க விபூதி, அதன் நடுவில் பெரிய குங்குமம். கணவர் போன பிறகும் அந்தக் குங்குமத்தை அவர் விடவில்லை. யாராவது முகம் சுளித்தால், "இது மாப்ள வூட்டுப் பிரசாதம், வெச்சிகினு தான் ஆவணும்" என்பார். மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதையை மட்டும் குறைக்கமாட்டார். 'வாங்க போங்க' என்றுதான் முருகனிடம் பேச்சு. ரொம்பக் கோபம் வந்தால்தான் அந்த 'ங்க' உதிரும். மனிதர்களில் ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவருக்கு 'நைனா'. நானும் நைனா, டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரும் நைனா, கலெக்டர் ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்து இறங்குகிறவரும் நைனா.

மடம் என்று நான் சொல்வது, பழைய நெசவு முதலாளி ஒருவர் காவடி எடுத்து வருகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டி வைத்துவிட்டுப் போன கட்டடம். பெரிய கூடம், ஒரு முற்றம், பின்னால் கிணறு. முற்றத்து மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு சன்னதி, அதற்குள் கல்லில் நட்ட வேல். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வரும் தெலுங்குக் காவடிக்காரர்கள் அங்கேதான் தங்குவார்கள். மாமியாரம்மாவும் கணவரும் அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். கணவர் இறந்தபிறகு அம்மாவே பார்த்துக்கொண்டார். வேலுக்குப் பூசை போடுவது, கூடத்தைப் பெருக்குவது, வருகிறவர்களுக்குச் சோறு வடிப்பது எல்லாம் அவர்தான். தங்குவதற்குப் பின்கட்டில் ஒரு அறை. ஒரே பிள்ளை கோபி. கல்யாணமாகி ஆர்.கே.பேட்டையில் குடியிருந்தான். கார் டிரைவர்.

தைரியசாலி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி என்றால் அழுவார். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார். எல்லாவற்றையும்விடக் குரங்குதான். மலையில் குரங்குக்குக் குறைவில்லை, ஒன்று மதில்மேல் வந்து உட்கார்ந்தால் போதும், "நைனா! நைனா! வந்துட்டான், ஓடியா!" என்று தெருவே கேட்கக் கத்துவார். நான் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் குச்சியோடு ஓடவேண்டும். குரங்கு இறங்கி என்னைத் தாண்டிப் போனபிறகுதான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு கிருத்திகையன்று பெரிய மனிதர்களை நிறுத்தி வைத்தார்.

சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம் வந்திருந்தது. முன்னால் வந்த ஆள் மடத்துக்குள் நுழைந்து, அம்மா களைப்பாக இருக்கிறார்கள், தனி அறை திறந்துவிடுங்கள் என்றார்.

"ரூம் கீது நைனா. உள்ள ஒரு பொண்ணு கொழந்தைக்குப் பால் குடுத்துகினு கீது. அது எழுந்து வரட்டும்."

"வந்திருக்கறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே. சொல்லுங்க, எந்த ஊரு காவடி?"

அவர் நக்கலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே ஊர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பின்னால் நின்ற அதிகாரியின் மனைவி சிரித்துவிட்டார். கூடத்துக்கு வந்து, புத்தூரிலிருந்து கூலி வேலை செய்துவிட்டு வந்த பெண்களுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டார். போகும்போது மாமியாரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். அந்தம்மா எவ்வளவு பெரிய ஆள் என்று நான் பிறகு சொன்னேன். "அப்டியா? ரசம் ரெண்டாம் வாட்டி வாங்கிச்சி, நல்ல பொண்ணு" என்றார்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தலைவர் இருந்தார். கல்குவாரி, லாரி, கல்யாண மண்டபம் எல்லாம் அவருக்கு உண்டு. பதவியில் யார் இருந்தாலும் இவர் சொன்னால்தான் வேலை நடக்கும் என்பார்கள். அவருடைய வெள்ளைக் கார் தெருவுக்குள் நுழைந்தால், டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அந்தக் காரை ஓட்டியவன் கோபி. என் கடைக்கும் பெரிய வாடிக்கை அவர்தான்.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு முன்னால், பேனர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அவரே வந்தார். கடை வாசலில் விரித்துக் காட்டினேன். தலைவர் கைகூப்பி நடுவில் நிற்கிறார், வேட்டி மடிப்புவரை தெரிகிறது. முருகன் மேல்மூலையில் ஒரு வட்டத்துக்குள். மாமியாரம்மா தெருவைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு நைனா கல்யாணம்?"

"ஆடிக் கிருத்திகைக்கும்மா" என்றான் தலைவரின் ஆள் ஒருவன்.

"நான் இவருக்குக் கல்யாணம்னு நெனச்சேன். மாப்ளைய மூலையில குந்த வெச்சிட்டு இவரு நடுவுல நிக்கறாரே!"

காருக்குள் இருந்த கோபி தலையைக் குனிந்துகொண்டான். தலைவர் அம்மாவையே பார்த்தார். பிறகு சிரித்து, "சரிதான் பெருசு. முருகரை நடுவுல போடுய்யா, என்னை ஓரமா தள்ளு" என்றார். போட்டேன்.

கார் போனதும் அம்மாவுக்கு உட்கார ஸ்டூல் போட்டேன். "ஏம்மா, அவருகிட்ட போய் இப்டியா பேசுவீங்க? பயமா இல்லையா?"

"பயந்தான். தோ பாரு" என்று கையை நீட்டினார். விரல்கள் கிடுகிடுவென்று ஆடின. "தண்ணி குடு. இன்னா பண்றது சொல்லு. மாப்ளைய ஓரங்கட்டறத கண்ணால பாத்துகினு நின்னா, மாமியாக்காரின்னு நான் எதுக்கு?"

அன்று நானும் சிரித்தேன். அவரிடம் எனக்கு ஒட்டுதல் வந்தது அந்த நடுங்கும் கையைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். சத்தம் போட்டுத் தைரியம் காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேனரே அவர்களுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

கொரோனா வந்தது. மலைப்படியைப் பூட்டினார்கள், மடமும் பூட்டிக் கிடந்தது. காவடி இல்லை, அரோகரா இல்லை, தெருவில் குரங்குகள் மட்டும் பசியோடு அலைந்தன. அந்த நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை கடையைப் பார்க்க வருவேன். வரும்போதெல்லாம் மதிலுக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்கும். உள்ளே அவர் தனியாக வேலுக்கு விளக்கேற்றிக்கொண்டிருப்பார். "யாரும் வரலியே, எதுக்கும்மா தெனம் பொங்கல் வெக்கறீங்க?" என்று மதிலுக்கு இப்பாலிருந்து கேட்பேன். "ஊர்ல யாரும் இல்லன்னா மாப்ளைக்குச் சோறு போடாம வுட்ருவாங்களா?" என்று அப்பாலிருந்து பதில் வரும்.

எல்லாம் திறந்தபிறகும் கூட்டம் உடனே திரும்பவில்லை. அந்த இடைவெளியில்தான் தலைவரின் கண் மடத்தின்மேல் விழுந்தது. மலையடிவாரத்தில் அவ்வளவு பெரிய இடம் வேறு கிடையாது. மடத்தை நிர்வகித்துவந்த, நெசவு முதலாளியின் வாரிசான பெரியவர் இறந்துபோயிருந்தார். சென்னையில் இருந்த அவருடைய மகனும் தலைவரும் பேசி முடித்துக்கொண்டார்கள்: மடத்தை இடித்துவிட்டு ஏ.சி. லாட்ஜ். விஷயம் தெரிந்து நகரிக் காவடிக்காரர்கள் அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். விசாரிக்க ஒரு அதிகாரி வருவதாக முடிவாயிற்று. விசாரணையில் கேள்வி ஒன்றுதான்: அங்கே பூசையும் காவடித் தங்கலும் நடக்கிறதா, இல்லை கைவிடப்பட்ட இடமா? அங்கேயே குடியிருக்கிற மாமியாரம்மா என்ன சொல்கிறாரோ அதுதான் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் மடத்துக்கு வந்த நாளில் நான் உள்ளேதான் இருந்தேன். குரங்கு விரட்ட அம்மா கூப்பிட்டிருந்தார். கையில் குச்சியோடு கிணற்றடியில் நின்றேன். தலைவர் ஆட்களை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார்.

"உங்களுக்குக் கொற வெக்க மாட்டேம்மா. லாட்ஜ் வந்ததும் கீழ உங்களுக்கு ஒரு ரூம், கடைசி வரைக்கும். கோபிய மேனேஜரா போட்டுடறேன். அதிகாரி வந்து கேட்டா, ரொம்ப வருசமா இங்க யாரும் வர்றதில்ல, பூசையும் இல்லன்னு சொல்லிடுங்க. அவ்ளோதான்."

"காலையில தான நைனா பூச பண்ணேன்? துண்ணூறு கூட இன்னும் நெத்தில கீது பாருங்க."

"பண்ணுங்க. யாரு வேணாம்னா? பண்றத சொல்ல வேணாங்கறேன்."

தலைவர் சன்னதியைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "முருகருக்கு நான் சும்மா வுட்ருவேனா? வேலை முடிஞ்சதும் மேல கோயிலுக்கு வெள்ளியில வேல் செஞ்சு வெக்கறேன். வேண்டிகினு தான் வந்திருக்கறேன்."

"அவரு வூட்ட எடுத்துகினு அவருக்கே சீர் செய்யறீங்களா நைனா?"

அன்றைக்குத் தலைவர் சிரிக்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கோபி நல்ல புள்ளம்மா. எங்கிட்ட கீற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். மதில்மேல் இருந்த குரங்கு எப்போது போனது என்று யாருமே கவனிக்கவில்லை.

மறுநாள் கோபி வந்தான். அம்மா என்னைப் போகவிடவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் பிள்ளை சத்தம் போடமாட்டான் என்று நினைத்திருப்பார். அவன் போடத்தான் போட்டான்.

"ரெண்டு பொண்ணுங்கள வெச்சிகினு கீறேம்மா. அவரு தூக்கிப் போட்டா இந்த சுத்து வட்டாரத்துல எவன் எனக்கு வண்டி குடுப்பான்? ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. அதச் சொன்னா உன் வாய் வெந்துடுமா?"

"சாப்டு மொதல்ல."

"நீ கும்புடறது கல்லும்மா! கல்லுக்காவ எங்க வயித்துல மண்ணப் போடறியே!"

அம்மா அவன் தட்டில் குழம்பை ஊற்றினார். குழம்பு தட்டுக்கு வெளியே சிந்தியது. அதைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"உனக்காவ எத்தினியோ பொய் சொல்லிகீறேன் நைனா. நீ ஸ்கூலுக்கு மட்டம் போட்டப்ப ஜொரம்னு வாத்தியாருகிட்ட சொன்னேன். பொண்ணு வூட்டுக்காரங்ககிட்ட, எம்புள்ள சிகரெட்டத் தொடமாட்டான்னு சொன்னேன். அதெல்லாம் நான் சொன்ன பொய், நான் பட்டுக்கறேன். இது அப்டியில்ல. நடந்து நடந்து கால் வெடிச்சி வர்றவங்க எடம் இது. அவங்களுக்காவ மாப்ள வெச்சிகினு கீற எடம். அத எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்க நான் யாரு?"

"அப்ப உனக்கு நான் பெரிசில்ல."

"நீ பெரிசு தான். அதான் ராத்திரி தூக்கமே வர்ல."

கோபி சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் சும்மா கூட உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தொல்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. மடத்தில் கரண்ட் போயிற்று. எங்கள் யாருக்கும் போகவில்லை, மடத்துக்கு மட்டும். பிறகு ஒரு லாரி வந்து மடத்து வாசலை அடைத்து ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனது. "எடம் மாறிக் கொட்டிட்டோம், எடுத்துடுவோம்" என்றார்கள். எடுக்கவில்லை. அந்த வயதில், அந்த உடம்போடு, அவர் ஜல்லிக் குவியலில் ஏறி இறங்கித் தண்ணீர்க் குடம் தூக்கினார். நானும் டீக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஒரு விடியற்காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே மண்வெட்டியோடு வந்து நின்றோம். ஒரு ஆள் போகும் அளவுக்கு வழி செய்துவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டோம்.

அந்த நாட்களில் காலைச் சண்டை நின்றுபோயிற்று. வாசலுக்கு வருவார், மலையைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். "என்னம்மா, மாப்ளையோட பேச்சு வார்த்த இல்லையா?" என்று கேட்டேன்.

"இன்னா பேசறது? அவருக்குத் தெரியாததா?" என்றார். பிறகு, "சோத்துக்குப் பயமில்ல நைனா. அடிச்சிடுவாங்களோன்னு கூட பயமில்ல. கோபி என்னப் பாத்துட்டுப் போனான் பாரு, அந்த மூஞ்சி. அதத் தாங்கிக்கினு நின்னுடுவனான்னு தான் பயமா கீது. மாப்ளைகிட்ட கேட்டா அதத்தான் கேக்கறேன், நிக்க வெச்சிடுங்கன்னு" என்றார்.

விசாரணைக்கு வந்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, அதிகம் பேசாதவர். மடத்து முற்றத்திலேயே மேசை போட்டார்கள். தலைவர் வெள்ளை வேட்டியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் அவர் ஆட்கள். சென்னை வாரிசு முதலில் பேசினார். ரொம்பக் காலமாகவே இங்கு ஒன்றும் நடப்பதில்லை, வேலைக்கார அம்மா ஒருவர் தங்கியிருக்கிறார், அவ்வளவுதான் என்றார். வாசலில், காரில் சாய்ந்தபடி கோபி நின்றான்.

மாமியாரம்மாவைக் கூப்பிட்டார்கள். குளித்த ஈரத்தலையோடு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னார் அதிகாரி. உட்காரவில்லை. வேலுக்கு முதுகு காட்டாமல் ஒரு பக்கமாக நின்றுகொண்டார்.

"சொல்லுங்கம்மா. இங்க பூசை நடக்குதா?"

அம்மா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. டீக்கடைக்கார அம்மாள் தண்ணீர் கொடுத்தார். பாதி மார்பில் வழிந்தது.

தலைவர் மெதுவாக, ரொம்ப அன்பாகச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. உங்க புள்ள கூட அங்க தான் நிக்கறான். மனசுல கீறத சொல்லுங்க."

அம்மா வாசலைப் பார்த்தார். கோபியும் அவரைப் பார்த்தான். பிறகு அவர் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"நடக்குதுங்க. தெனமும் நடக்குது. நான் தான் பண்றேன். எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப அவரு பண்ணாரு. கிருத்திகைக்குக் கிருத்திகை காவடி வருது. முந்தி கூடம் கொள்ளாது, இப்ப கொஞ்சம் கொறச்சலா வருது. ஆனா வராம இல்ல."

வாரிசு குறுக்கிட்டார். "லாக்டவுன்ல பூட்டிக் கிடந்ததே? அப்ப யார் வந்தாங்க?"

"யாரும் வரலைங்க. நானும் மாப்ளையும் தான்."

"மாப்பிள்ளையா? அவர் யாரு?" என்றார் அதிகாரி, நிமிர்ந்து பார்த்து.

அம்மா கையைத் தூக்கி மலையைக் காட்டினார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவரின் ஆட்களில் இரண்டுபேர்கூடச் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அம்மாவின் விரல் போன திசையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

எழுதி முடிக்கும்வரை அம்மா நின்றார். பிறகு யாரும் கேட்காமலே தலைவரிடம் திரும்பினார். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல நைனா. நீங்க கேட்டது என்னுதா இருந்தா குடுத்திருப்பேன். என்னுது இல்ல."

வேறு யாராவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். அதுவரை எங்களில் யாருக்கும் அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லை. டீக்கடைக்கார அம்மாள் முதலில் கையைத் தூக்கினார். பிறகு நான். பிறகு பூக்கட்டுகிறவர், தேங்காய்க் கடைக்காரர். அந்தம்மா சொன்னது நிஜம் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். தலைவர் எழுந்து போனது எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கோபியிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவன் அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். என் கடைக்கும் பெரிய பேனர் வேலை வரவில்லை. பெயர் சூட்டுவிழா, மஞ்சள் நீராட்டு என்று சின்னச் சின்ன வேலைகளில் ஓட்டினேன்.

மழைக்காலம் முடிந்தபிறகு உத்தரவு வந்தது. மடம் காவடிக்காரர்களுக்கே. இடிக்கவோ விற்கவோ கூடாது. தெருவே ஒருவருக்கொருவர் இனிப்பு கொடுத்துக்கொண்டது. ஆனால் மடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் உரிமை அந்தச் சென்னை வாரிசிடம்தான் இருந்தது. அவர் வேறு ஒருவரை நியமித்துவிட்டு அம்மாவைக் காலி செய்யச் சொன்னார்.

எங்களுக்குக் கொதித்தது. மறியல் பண்ணலாம், திரும்ப மனு கொடுக்கலாம் என்று போய் நின்றோம். அம்மா சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

"மடம் இருக்கணும்னு தான சொன்னேன்? நான் இருக்கணும்னா சொன்னேன்? போங்க நைனா, கடையப் பாருங்க."

புதிதாக வந்தவரை உட்காரவைத்து விளக்கு எங்கே, எண்ணெய் எங்கே என்று காட்டினார். "புத்தூர்க்காரங்க வந்தா சாயங்காலமே தொட்டியில தண்ணி ரொப்பி வெச்சிடுங்க. கால் கழுவாம உள்ள வரமாட்டாங்க" என்றார். அந்த மனிதர் சங்கடத்தோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"மலைக்குப் போய் ஒரு வார்த்த சொல்லிட்டுக் கெளம்பலாம்மா, நான் வண்டியில கூட்டிகினு போறேன்" என்றேன்.

"வர மாட்டேன்."

"ஏம்மா?"

"கோவமா கீறேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. "அவனுக்காவ நின்னேன் இல்ல? ஒரு ரூம வுட்டு வெக்கக் கூடாதா எனக்கு? கோவத்தோட மாப்ள வூட்டுக்குப் போவக் கூடாது. போனா எதனா சொல்லிடுவேன்."

முருகன் 'அவன்' ஆகிவிட்டார், 'ங்க' உதிர்ந்துவிட்டிருந்தது.

எங்கே போகப்போகிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அப்போது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கோபி. ஆர்.கே.பேட்டையில் நூல் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்திருந்தான். கறுத்து, இளைத்துப் போயிருந்தான். டிரங்குப் பெட்டியைத் தூக்கினான், பாத்திர மூட்டையைத் தூக்கினான், கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கோபி ஸ்டார்ட் பண்ணப் போனவன், என்ன நினைத்தானோ, இறங்கி மடத்துக்குள் போனான். கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது நெற்றியில் விபூதி இருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

அடுத்து வந்த ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் பழையபடி திரும்பிவிட்டது. தெரு முழுக்க மஞ்சள் துணி, பம்பைச் சத்தம், அரோகரா. அந்த மஞ்சளுக்கு நடுவில் மாமியாரம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேத்திகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். முன்னால் பூக்காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு கோபி. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவம் தணிஞ்சிதாம்மா?"

"எனக்கு எங்க தணிஞ்சிது? காவடி எடுக்கறேன்னு அவன் தான் வேண்டிகினான். புள்ள கூப்ட்டா வராம இருக்க முடியுமா?" என்றார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. முதல்நாள் இரவு மடத்துக் கூடத்தில்தான், எல்லோரையும் போலப் பாயில் படுத்திருந்தார்களாம்.

படிக்குப் போகும் வழியில் தலைவர் மோர்ப் பந்தல் போட்டிருந்தார். அண்டாவுக்குப் பின்னால் அவரே நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோபி அவரைப் பார்த்ததும் நடையை வேகமாக்கி ஓரமாக ஒதுங்கினான். அம்மா ஒதுங்கவில்லை. நேராகப் பந்தலுக்குப் போய்க் கையை நீட்டினார்.

தலைவரின் கரண்டி அண்டாவுக்கு மேலேயே நின்றது. சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேருக்கு நடந்ததெல்லாம் தெரியும். படம் பிடித்தவர்கள் செல்போனைத் தாழ்த்திக்கொண்டார்கள். தலைவர் ஒரு டம்ளரில் மோரை ஊற்றி நீட்டினார். அம்மா வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு கம்மியா கீது நைனா. எங்கெங்கர்ந்தோ வேர்த்து வேர்த்து நடந்து வர்றாங்க. கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க."

தலைவர் அவரையே பார்த்தார். பின்பக்கம் திரும்பி, "டேய், உப்பு கொண்டா" என்றார். வந்த உப்பைத் தன் கையாலேயே அள்ளிப் போட்டுக் கலக்கினார். இன்னொரு டம்ளரில் ஊற்றி அம்மாவிடமே நீட்டினார்.

அம்மா அதை வாங்கிக்கொண்டு கோபியிடம் போனார். அவனுடைய இரண்டு கையும் காவடியில் இருந்தன. டம்ளரை அவன் வாயருகே பிடித்தார்.

"குடி நைனா. இப்ப சரியா இருக்கும்."

கோபி அம்மாவையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காவடி சரியாமல் தலையை மட்டும் குனிந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.